அசைகின்ற சரீரத்தின் சித்திரம்

பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்கச் செல்கிறவர்கள், மரவேலைப்பாடுகளையும் கண்ணாடிபோல் மின்னும் கருந்தரையையும் வியந்து முடித்த பிற்பாடு, பீடம் ஒன்றின்மேல் கிடக்கும் உருண்டைக் கல்லின் அருகே அழைத்துச் செல்லப்படுவது வழக்கம். ஏறத்தாழ 38 கிலோ எடையுள்ள அந்தக் கல்லை, இடையில் நிறுத்தாமல், 101 தடவை தலைக்கு மேலே தூக்கிக் காட்டிய வாலிபனே திருவிதாங்கூர் மன்னரின் சேனையில் சேர்த்துக்கொள்ளப்பட்டான் என்று அங்குள்ள வழிகாட்டிகள் சொல்லி வருகிறார்கள். அதே அரண்மனையின் உப்பரிகை மாளிகையில், மேல்நிலைச் சுவர்களில், அனந்தசயனத்தில் பள்ளிகொண்ட பெருமாளும் அவரைச் சூழ்ந்த தேவ உருவங்களும் காவியும் மஞ்சளும் பச்சையுமாக இன்றும் ஒளிர்கின்றன. தெய்வத்தின் ஓய்வை இவ்வளவு நுட்பமாகத் தீட்டத் தெரிந்த அந்தச் சித்திரக்காரர்களுக்கு, கீழே கல்லைத் தூக்கிக்கொண்டிருந்த வாலிபனின் தோளையும் தொடையையும் சுவரில் ஏற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. அவர்கள் காலத்தில் சுவர் தெய்வத்துக்கு உரியது. ஆகையால் அதை அவர்கள்மேல் குற்றமாகச் சொல்லலாகாது. ஆனால் நம் காலத்தில் சுவர் எல்லோருக்கும் உரியதாகிவிட்ட பிறகும், உழைத்துப் பழகுகின்ற மனித தேகம் பழைய தென் திருவிதாங்கூராகிய நம் பக்கத்துச் சித்திரத்தில் தனக்குரிய இடத்தைப் பெறாமல் இருப்பதைப் பற்றித்தான் நான் எழுத விரும்புகிறேன்.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அரண்மனையோ தமிழ்நாட்டு மண்ணில் இருந்துகொண்டே கேரள அரசின் பராமரிப்பில் இருந்துவருகிறது. எல்லை இப்படிப் பிரிந்ததே தவிர, உடம்பைப் பழக்கும் வித்தை பிரியவில்லை. விளவங்கோட்டில் அடிமுறை என்றும் வர்மம் என்றும் வழங்குகிற வித்தைதான் எல்லைக்கு அப்பால் பாறசாலையிலும் கள்ளிக்காட்டிலும் தெற்கன் களரி என்ற பெயரில் வழங்குகிறது. இரு பக்கத்து ஆசான்மாரும் தம் குருபரம்பரையை அகத்திய முனிவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். அந்த முனிவரின் பெயரைத் தாங்கிய அகத்தியகூடமோ 1868 மீட்டர் உயரத்தில் கள்ளிக்காட்டுக்கு வடகிழக்கே நிற்கிறது. அந்த மலைத்தொடரில் பிறக்கும் நெய்யாறு அணையில் தேங்கி, ஊர்களைக் கடந்து, பூவாரில் கடலைச் சேர்கிறது. இந்த ஆற்றங்கரையில் விடியற்காலைக்கு முன்னே எழுந்து தலைவிளக்கு ஒளியில் மரத்துக்கு மரம் குனிந்து நிமிரும் ரப்பர் வெட்டுத் தொழிலாளியையும், தளைநாரைக் காலிலே மாட்டி முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து ஏறிய பனையேறிகளின் வம்சத்தையும், களரியில் சுவடு என்னும் காலடிமுறை வைத்துப் பழகும் பிள்ளைகளையும், அணைக்கட்டை ஒட்டிய சிவானந்த ஆசிரமத்தில் சூரிய நமஸ்காரம் செய்யும் அயல்நாட்டாரையும் ஒருங்கே காணலாம். மனித சரீரத்தின் சலனத்தைக் கற்க விரும்பும் ஓவியனுக்கு இதைவிடச் சிறந்த பாடசாலை இருப்பதாக நான் கருதவில்லை.

இருந்தும், நம் சந்திகளில் புதிது புதிதாகத் திறக்கப்படும் உடற்பயிற்சிக்கூடங்களின் பெயர்ப்பலகைகளில் நாம் காண்பது எது? எங்கோ ஒரு தேசத்துப் போட்டி மேடையில், எண்ணெய் பூசிய தசைகளைப் புடைக்கவைத்து, மூச்சை அடக்கி நிற்கும் ஒருவரின் புகைப்படம், பிளெக்ஸ் துணியில் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கப்பட்டு, வெயிலிலும் மழையிலும் நீலம் பாய்ந்து தொங்குகிறது. அந்த மனிதரின் பிரயத்தனத்தை நான் குறைவாக மதிக்கவில்லை. ஆனால் அந்தப் படம் காட்டுவது முடிந்துபோன ஒரு பலனை; அந்தப் பலன் விளைந்த வழி அதில் இல்லை. எடையைத் தூக்கும் கை அதில் இல்லை, தூக்க முடியாமல் நடுங்கும் முழங்கால் இல்லை, மூச்சு இல்லை, பூமி இல்லை. அதைப் பார்த்து உள்ளே நுழைகின்ற பதினேழு வயதுப் பையனுக்கு, தேகப்பயிற்சி என்பது ஒரு தோற்றத்தைச் சம்பாதித்துக்கொள்ளும் உபாயம் என்ற எண்ணமே முதலில் ஏற்படுகிறது. களரியில் சேர்ந்த பிள்ளைக்கு ஆசான் முதலில் கற்றுக்கொடுப்பது தரையை வணங்கிக் கால் வைப்பது. அங்கே கண்ணாடி கிடையாது.

ஆகவே, உடற்பயிற்சியையும் சலனத்தையும் பொருளாகக் கொண்டு மனித உருவத்தைத் தீட்ட முனைகிற எந்த ஓவியனும், அவன் கையில் இருப்பது அக்ரிலிக் வர்ணமானாலும் எண்ணெய் வர்ணமானாலும், முதலில் தீர்மானிக்கவேண்டிய காரியம் ஒன்று உண்டு: எந்தக் கணத்தைத் தீட்டுவது? கல்லைத் தூக்குகிற வாலிபனை முதல் தடவையில் தீட்டினால் அது வெறும் உற்சாகத்தின் படம்; 101-ஆவது தடவையில், கைகள் மேலே நிமிர்ந்துவிட்ட நிலையில் தீட்டினால் அது வெற்றியின் படம், பெயர்ப்பலகைக்கு ஏற்ற படம். எழுபதாவது தடவையை ஒட்டி, கல் மார்புக்கும் முகவாய்க்கும் நடுவே தயங்குகின்றபொழுது, தோள் ஏறவேண்டும் என்றும் இடுப்பு இறங்கவேண்டும் என்றும் வாதாடுகின்ற அந்தக் கணத்தில்தான் அந்தச் சரீரம் யாருடையது, அது எந்த மண்ணில் எதைத் தின்று வளர்ந்தது, அதன் மனம் எத்தகையது என்பதெல்லாம் வெளிப்படுகின்றன.

இந்தக் கேள்வியை நம் முன்னோர் அறியாமல் இருக்கவில்லை. 1010-ஆம் ஆண்டில் ராஜராஜன் கட்டி முடித்த தஞ்சைப் பெரியகோயிலின் மேல்தளச் சுற்றில், சிவபெருமானே நான்கு கரங்களோடு ஆடிக் காட்டுவதாக 108 நாட்டியக் கரணங்களைச் செதுக்கத் தொடங்கி, 81 கரணங்களோடு வேலை நின்றிருக்கிறது. எஞ்சியவற்றுக்கென்று விட்ட கற்கள் உளி படாமல் இன்றும் அங்கே இருக்கின்றன. சிதம்பரத்துக் கோபுர வாயில்களில் நாட்டிய சாஸ்திரத்துச் சுலோகங்களையும் பொறித்து அவற்றின் கீழே ஆடும் பெண்ணுருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். நெடுங்காலமாக அறிஞர்கள் இவற்றை நின்ற நிலைகள் என்றே எண்ணிவந்தார்கள். நாட்டியக் கலைஞர் டாக்டர் பத்மா சுப்ரமண்யம் இச்சிற்பங்களையும் சாஸ்திரத்தையும் தம் உடம்பாலேயே ஆராய்ந்து, கரணம் என்பது கையும் காலும் இடுப்பும் சேர்ந்து நிகழ்த்தும் ஓர் அசைவு என்றும், சிற்பி சில இடங்களில் அந்த அசைவின் தொடக்கத்தையும் சில இடங்களில் நடுவையும் சில இடங்களில் முடிவையும் பிடித்திருக்கிறான் என்றும் எடுத்துக்காட்டினார். ஆடத் தெரிந்த ஒருவர் பார்த்தபொழுதுதான் கல் அசைந்தது என்பதை நான் மிக முக்கியமான செய்தியாகக் கருதுகிறேன். அளவுகோலோடு சென்றவருக்கு நிலையாகத் தெரிந்தது, அந்த அசைவைத் தம் முட்டியிலும் முதுகெலும்பிலும் அனுபவித்தவருக்கு அசைவாகத் தெரிந்தது. புதுக்கோட்டைப் பக்கத்தில் சித்தன்னவாசல் குகையின் தூண்களில், ஒன்பதாம் நூற்றாண்டில் தீட்டப்பட்ட நர்த்தகிகளின் வீசிய கரமும் வளைந்த இடையும் சிதைந்த வர்ணத்தினூடேயும் நம்மை நிறுத்திவிடுவதற்கும் இதுவே காரணமாயிருக்க வேண்டும்: அவற்றைத் தீட்டியவன் ஆட்டத்தைப் பார்த்தவன் மட்டுமல்ல, அதன் பாரத்தைத் தன் உடம்பில் உணர்ந்தவன்.

யோகாசனங்களின் சித்திர சரித்திரம் வேறு வழியாகச் சென்றது. 1600-ஆம் ஆண்டை ஒட்டி அலகாபாத்தில் முகலாய இளவரசர் சலீமுக்காகத் தயாரான பஹ்ருல் ஹயாத் என்னும் பாரசீக நூலின் சித்திரங்களிலும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மைசூர் மன்னர் மும்மடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் உருவான ஸ்ரீதத்துவநிதியில் தீட்டப்பட்ட 122 ஆசனங்களிலும், யோகி ஒவ்வொரு ஆசனத்தையும் அடைந்து முடித்துவிட்டு நமக்குக் காட்டுகிறார். கற்பிக்கும் நோக்கத்துக்கு அது போதும். பத்தமடையில் பிறந்த சுவாமி சிவானந்தரின் சீடரும், நெய்யாறு அணைக்கருகே 1978-இல் ஆசிரமத்தை நிறுவியவருமான விஷ்ணுதேவானந்தர் 1960-இல் வெளியிட்ட யோக நூலின் புகைப்படங்களும் அத்தகையவையே. ஆசனத்திலிருந்து ஆசனத்துக்குச் செல்லும் வழியை, அந்த வழியில் மூச்சு எங்கே திரும்புகிறது என்பதை, இவற்றில் எதுவும் காட்டுவதில்லை. அணைக்கட்டின் ஓரத்தில் வாழும் ஓவியனுக்கு இங்கே ஒரு வேலை காத்திருக்கிறது.

கணத்தைப் பிடிப்பதற்குப் புகைப்படக் கருவி இருக்கையில் ஓவியன் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இன்று ஒவ்வொரு பையனின் சட்டைப்பையிலும் ஒரு கருவி இருப்பதால் இந்தக் கேள்வி முன்னைவிடக் கூர்மை பெற்றிருக்கிறது. 1878-இல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்பவர் ஓடும் குதிரையை வரிசையாக வைத்த கருவிகளால் படமெடுத்தபொழுது, ஐரோப்பிய ஓவியர்கள் காலங்காலமாகத் தீட்டிவந்த பாய்ச்சல், அதாவது முன்கால்கள் முன்னும் பின்கால்கள் பின்னுமாக ஒரேசமயத்தில் நீண்டு பறக்கும் தோற்றம், எந்தக் குதிரைக்கும் எந்தக் கணத்திலும் நேர்வதில்லை என்று நிரூபணமாயிற்று. பிரெஞ்சு ஓவியர் ஜெரிகோ 1821-இல் தீட்டிய எப்ஸம் பந்தயக் குதிரைகள் அந்தப் பொய்யான பாய்ச்சலைத்தான் பாய்கின்றன. ஆயினும் சிற்பி ரோடின், 1911-இல் நூலாக வெளிவந்த உரையாடல்களில், ஜெரிகோவின் பக்கமே நின்றார். காலம் நில்லாமல் ஓடுவதால் ஓட்டத்தை நிறுத்திக் காட்டும் புகைப்படமே பொய் சொல்லுகிறது, கலைஞனே உண்மை சொல்லுகிறான் என்பது அவர் கட்சி. அவர் செய்த யோவான் ஸ்நானகனின் உருவத்தில் இரண்டு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதிந்திருக்கின்றன. நடக்கும் மனிதன் அப்படிப் பதிப்பதில்லை. ஆனால் அந்த உருவம் நடக்கிறது, ஏனென்றால் பார்ப்பவனின் கண் பின்காலில் தொடங்கி முன்காலில் முடிகையில் ஒரு நடையை நடந்து முடித்துவிடுகிறது. 1912-இல் ஓவியர் மார்செல் துஷாம்ப் படியிறங்கும் உருவத்தின் நிலைகளை இருபதுபோல் அடுக்கித் தீட்டினார். அது அசைவின் கணக்கைக் காட்டுகிறதே ஒழிய அசைகிறவரின் பாரத்தைக் காட்டவில்லை என்பது என் அபிப்பிராயம்.

பாரத்தைக் காட்டிய கலைஞர் ஒருவர் நமக்கு மிக அருகிலேயே இருந்தார். 1899-இல் வங்காளத்து ரங்கபூரில் பிறந்து, அபனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்று, 1929-இல் சென்னைக் கலைப்பள்ளியின் தலைமையை ஏற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்த தேவிபிரசாத் ராய் சௌதுரி, சிற்பியும் ஓவியரும் எழுத்தாளரும் மட்டுமல்ல, மல்யுத்தம் பழகிய பலசாலியும் ஆவார். சென்னைக் கடற்கரையில் 1959-ஆம் ஆண்டு ஜனவரி 25-இல் நிறுவப்பட்ட அவருடைய உழைப்பாளர் சிலையை நம்மில் பலர் பேருந்து நிறுத்தத்தின் பெயராக மாத்திரம் அறிந்திருக்கிறோம். நான்கு மனிதர்கள் ஒரு பெரும்பாறையைப் பெயர்க்கிறார்கள். அவர்களில் எவர் முகமும் நம்மைப் பார்க்கவில்லை. நெம்புகிறவனின் குதிகால் எங்கே அழுந்துகிறது, அந்த அழுத்தம் கெண்டைச்சதை வழியே ஏறி இடுப்பில் எவ்வாறு திரும்புகிறது, தோளுக்கு வந்து சேர்வதற்குள் எவ்வளவு குறைந்துபோகிறது என்பதை அந்த வெண்கலத்தில் ஒருவர் விரலால் தொட்டுப் படிக்கலாம். பாறை இன்னும் நகரவில்லை, நகரப்போகிறது. இந்த இடைக்கணத்தைத் தேர்ந்தெடுக்கும் துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று யோசிக்கையில், கோதாவில் எதிராளியின் எடையைத் தம்மேல் தாங்கிப் பழகிய மனிதர் அவர் என்பதைத்தான் நான் முதல் காரணமாகச் சொல்லுவேன். அதே கடற்கரையில் கோல் ஊன்றி நடக்கும் காந்தியடிகளின் உருவமும் அவர் கைவேலையே. வயது முதிர்ந்த சரீரம் எப்படி விரைந்து நடக்கும் என்பதை அதன் முன்னே சாய்ந்த முதுகு சொல்லுகிறது. வலிமை என்றால் பருத்த தசை என்று எண்ணுகிறவர்கள் அவ்விரண்டு உருவங்களையும் ஒரே மாலையில் பார்த்துவிட்டு வரவேண்டும்.

இந்த இடத்தில் நியாயமான ஓர் ஆட்சேபம் எழுகிறது. பாறையைப் பெயர்க்கிறவனும் பனை ஏறுகிறவனும் உடல் நலத்துக்காக அதைச் செய்வதில்லை, வயிற்றுக்காகச் செய்கிறார்கள். விளவங்கோட்டிலும் நெய்யாற்றின்கரையிலும் ஒருநாளில் பல மரங்கள் காலையும் மாலையும் ஏறி இறங்கிய பனையேறிகளின் நெஞ்சிலும் பாதத்திலும் காய்த்துப்போன தழும்புகளை, மரத்திலிருந்து விழுந்து முடங்கியவர்களின் குடும்பங்களை, நாம் மறக்கலாமா? அந்தத் தேகத்தைச் சித்திரமாக்கி, பணம் கட்டி வியர்க்க வருகிறவர்களின் கூடத்தில் அலங்காரமாக மாட்டுவது அவர்கள் கஷ்டத்தை ருசிப்பதாகாதா? இந்த ஆட்சேபத்தை நான் முழுமனதோடு மதிக்கிறேன். உழைப்பாளியை அழகனாக்கி, அவன் முகத்தில் ஒரு சிரிப்பையும் பின்னால் ஒரு சூர்யோதயத்தையும் தீட்டுகின்ற சித்திரம் பெயர்ப்பலகைப் படத்தைவிடவும் கெட்டது. ஆனால் ராய் சௌதுரியின் மனிதர்கள் சிரிப்பதில்லை. அவர்களுடைய விலாவெலும்பு தெரிகிறது. அவர்களைப் பார்த்து நாம் இரக்கப்படுவதற்கு முன்னே மரியாதை கொள்ளுகிறோம். பனையேறியைத் தீட்டுகிறவன் தளைநார் பாதத்தை அறுக்கும் இடத்தையும் தீட்டவேண்டும். முருக்குத்தடியில் ஏறிநின்று மரத்தைக் கட்டிப்பிடிக்கையில் அவனுடைய முழு எடையும் மார்பின் எந்தப் பகுதியில் விழுகிறது என்பதை அறியாத தூரிகைக்கு அந்தப் பொருளைத் தொடும் உரிமை இல்லை. அப்படித் தீட்டப்பட்ட சித்திரம் எந்தக் கூடத்தில் தொங்கினாலும், அங்கே வந்து எடை தூக்குகின்ற பையனுக்குத் தன் பாட்டனின் தோள் எப்படி உண்டாயிற்று என்பதைச் சொல்லும். அவன் பயிற்சிக்கு அது ஒரு வம்சத்தைக் கொடுக்கும்.

இனி வர்ணத்தைப் பற்றி. அக்ரிலிக் என்பது நம் ஓவியர்களிடையே பலகாலமாகப் பழகிய பொருளாகிவிட்டாலும், எண்ணெய் வர்ணத்துக்கு மலிவான மாற்று என்ற அளவிலேயே பலர் அதை மதிக்கிறார்கள். அது தவறான மதிப்பு. பொடித்த நிறத்தை நீரில் மிதக்கும் அக்ரிலிக் பிசினோடு கலந்து செய்யும் இந்த வர்ணம், 1955-ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஹென்றி லெவிசன் என்பவர் லிக்விடெக்ஸ் என்னும் பெயரோடு ஓவியர்களுக்கென விற்பனைக்குக் கொண்டுவந்த பிற்பாடே பரவியது. எண்ணெய் வர்ணம் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று மெல்ல மெல்ல இறுகுவதால் ஒரு பூச்சு காய நாட்கணக்கில் ஆகும். அக்ரிலிக்கிலோ நீர் ஆவியானதும் பிசின் துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கி உருகிச் சேர்ந்து, சில நிமிஷங்களில் நீரில் கரையாத படலமாகிவிடுகின்றன. நெய்யாற்றுப் பக்கத்தில் இடவப்பாதி என்னும் தென்மேற்கு மழையும் துலாமழை என்னும் வடகிழக்கு மழையும் பெய்கின்ற மாதங்களில் எண்ணெய்ச் சித்திரம் ஈரம் வாங்கிப் பூஞ்சணம் பிடிப்பதை ஓவியர்கள் அறிவார்கள். அக்ரிலிக்கும் அந்த ஈரத்தில் சற்றுத் தாமதித்தே காய்கிறது என்றாலும், அதன் படலம் வெடிக்காமல் வளைந்துகொடுக்கிறது. இதற்கும் மேலாக அதன் வேகமான சுபாவமே சலனத்தைத் தீட்டுகிறவனுக்கு அநுகூலம். களரியில் ஒரு சுவட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் பிள்ளையின் காலை ஓவியன் முதலில் ஓரிடத்தில் தீட்டுகிறான். தவறு என்று தெரிந்ததும் கால் நாழிகைக்குள் அதன்மேல் மெல்லிய நிறத்தை நீர்போல் ஓட்டி, சரியான இடத்தில் மறுபடியும் தீட்டுகிறான். பழைய கால் அடியிலிருந்து மங்கலாகத் தெரிந்துகொண்டே இருக்கிறது. அதை முழுவதும் மறைத்துவிடாமல் விட்டுவைக்கும் விவேகம் உள்ளவனுக்கு, அந்த மங்கிய காலே வந்த வழியைச் சொல்லிக்கொடுத்துவிடும். திருத்தத்தையே சலனமாக மாற்றிக்கொள்ளும் இந்த வசதி எண்ணெய் வர்ணத்தில் அவ்வளவு எளிதில் கிட்டாது.

குறைகளும் உண்டு. ஈரமாயிருக்கையில் பால்போல் வெளுத்திருக்கும் பிசின் காய்ந்ததும் தெளிந்துவிடுவதால், நிறம் ஒரு படி கறுத்துப்போகும். கருந்தோலின் நுட்பமான நிறபேதங்களைத் தீட்டுகிறவன் இதை முன்கூட்டியே கணித்துக்கொள்ளவேண்டும். தூரிகையை ஒரு நிமிஷம் மறந்துவிட்டாலும் அது கல்லாகிவிடும். சதையின் வெளிச்சமும் நிழலும் ஒன்றில் ஒன்று கரைகிற மென்மை, கிளிமானூர் ரவி வர்மா எண்ணெய் வர்ணத்தில் சாதித்த அந்த மென்மை, இதில் வருவது கடினம். ஆனால் திருவனந்தபுரத்தில் 1935-இல் திறக்கப்பட்ட சித்திரா கலைக்கூடத்தில் அவருடைய நாயகிகளின் முன் நின்று பார்த்தவர்களுக்கு, அந்த மென்மை அசையாமல் இருப்பதன் மென்மை என்பதும் தெரியாமற் போகாது. நாடகமேடையில் திரை உயர்ந்தபொழுது காணும் காட்சிபோல் அவர்கள் நமக்காக நிற்கிறார்கள். மாமேதை ஒருவரை நான் குறைத்துப் பேசவில்லை; அவர் மேற்கொண்ட காரியம் வேறு, நமக்கு இப்பொழுது தேவையான காரியம் வேறு என்று மாத்திரம் சொல்லுகிறேன்.

அக்ரிலிக்கைக் கொண்டு சலனத்தைத் தீட்டியவர்களில் உலகப் பிரசித்தி பெற்றவர் டேவிட் ஹாக்னி. 1967-இல் அவர் தீட்டிய பெரிய சித்திரத்தில், நீச்சல் குளத்தில் குதித்தவர் தென்படவில்லை. குதித்ததனால் எழுந்த வெண்ணீர்ச் சிதறல் மாத்திரம் தெரிகிறது. இரண்டு நொடியில் முடிந்துபோகும் அந்தச் சிதறலைத் தீட்டத் தமக்கு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆயின என்று அவர் சொன்னதுண்டு. அந்தச் சித்திரத்தை நான் பெரிதும் போற்றுகிறேன். ஆனாலும் நம் ஊருக்கு வேண்டியது அவர் மறைத்துவிட்ட அந்த மனிதனே. பயிற்சி செய்கிறவர்களை நாம் இன்னும் பார்த்து முடிக்கவில்லை. அவர்களை மறைத்துச் சுட்டும் நாகரிகத்துக்கு நாம் வந்துசேர இன்னும் காலம் இருக்கிறது.

அதிலும் பெண்களை நாம் பார்க்கவே தொடங்கவில்லை. 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடையோட்டத்தில் கேரளத்துப் பய்யோளிப் பெண்ணான பி. டி. உஷா ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் மூன்றாமிடத்தை இழந்தார். முடிவுக்கோட்டில் மார்பை முன்னே நீட்டிச் சாய்ந்திருந்தால் பதக்கம் கிடைத்திருக்கும் என்று அதன் பிறகு எத்தனையோ பேர் எழுதினார்கள். சரீரம் தன் முழு வேகத்தோடு வந்து, ஓர் அங்குலம் சாயாமல் நிமிர்ந்திருந்த அந்தக் கணத்தைவிட மகத்தான உருவச் சித்திரப் பொருள் நம் தலைமுறைக்கு வாய்த்ததா என்பது சந்தேகமே. அவரை மாலையோடும் பதக்கத்தோடும் காட்டும் படங்கள் பெருகிக் கிடக்கின்றன. அந்தக் கோட்டின்மேல் காட்டும் சித்திரம்தான் வேண்டியிருக்கிறது. நம் கிராமங்களிலும், ரப்பர்ப் பாலை வாளியில் சேர்த்துத் தூக்கிவரும் பெண்ணின் ஒருபக்கம் சாய்ந்த நடை, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் ஓடைக்கல்லைத் தாண்டுகையில் இன்னொரு கை தானாக விலகி எடையைச் சமன் செய்கிற விதம், களரியில் கச்சை கட்டித் தன்னைவிட உயரமான பையனின் கம்பைத் தடுத்து உள்ளே புகும் சிறுமியின் பாய்ச்சல், இவையெல்லாம் தீட்டப்படாமல் கிடக்கின்றன. பெண்ணின் சரீரம் நம் சித்திர மரபில் அலங்கரிக்கப்பட்டிருக்கிறது, வணங்கப்பட்டிருக்கிறது. அது வேலை செய்து களைப்பதைத் தீட்டுவதற்கு நமக்கு ஏனோ கூச்சம். இந்தக் கூச்சத்தை விட்டொழிக்கவேண்டும்.

ஆகையால் கள்ளிக்காட்டுப் பஞ்சாயத்துக்கும், அதன் அக்கம்பக்கத்து ஊராட்சிகளுக்கும், அங்குள்ள கிராம நூலகங்களின் நிர்வாகிகளுக்கும், புதிதாக உடற்பயிற்சிக்கூடம் திறக்கும் இளைஞர்களுக்கும் நான் முன்வைக்கும் யோசனை இது. வெளியூரில் அச்சிட்ட பிளெக்ஸ் துணிக்குச் செலவழிக்கிற பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, நம் பக்கத்தில் படம் எழுதிப் பிழைக்கும் ஓவியர் ஒருவருக்கு ஒரு சுவரைக் கொடுங்கள். தீட்டும் வேலைக்கு முன்னே கர்க்கடகம் என்னும் ஆடி மாதம் முழுவதையும் கொடுங்கள். களரிக்காரர்கள் உழிச்சல் என்னும் உருவுதலும் எண்ணெயுமாக உடம்பைச் சீர்செய்துகொள்ளும் அந்த மழைமாதத்தில், ஆசானின் அனுமதியோடு, அவர் ஒரு மூலையில் அமர்ந்து கோட்டுப்படங்கள் எழுதட்டும். முடிந்தால் அவரும் களத்தில் இறங்கி நாலு சுவடு வைத்துப் பார்க்கட்டும். விடியுமுன் ரப்பர்த் தோட்டத்துக்கும் அவர் செல்லட்டும். அணைக்கட்டு ஆசிரமத்தில் காலைப் பயிற்சியைப் பார்க்கவும் இடம் கேட்கட்டும். யாரைத் தீட்டுகிறாரோ அவர்களிடம் கோட்டுப்படத்தைக் காட்டி, இந்தக் கால் இப்படித்தான் ஊன்றுமா என்று கேட்கட்டும். அவர்கள் சொல்லும் திருத்தம் எந்தக் கலைப்பள்ளியிலும் கிடைக்காதது. அவர்களுக்கும் அந்த நேரத்துக்குரிய கூலி கொடுக்கப்படவேண்டும்.

சுவர் புதிதாய்ப் பூசியதானால் சிமெண்டின் காரம் அடங்கும் வரையில் சில வாரம் பொறுத்து, பழையதானால் பாசியைச் சுரண்டிக் கழுவிக் காயவைத்து, அடிப்பூச்சு கொடுத்துவிட்டுத் தொடங்கவேண்டும். கூரை நீட்டம் குறைந்த, தென்மேற்கு மழை நேராக அடிக்கும் சுவரைத் தேர்ந்தெடுக்கலாகாது. வேலை விருச்சிகம் என்னும் கார்த்திகை மாதத்துக்குப் பிறகு நடந்தால் வர்ணம் சீராகக் காயும். சித்திரம் முடிந்த பிற்பாடு, அதற்காக எழுதிய கோட்டுப்படங்களை எறிந்துவிடாமல், கிராம நூலகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பள்ளிப்பிள்ளைகள் பார்க்கும்படி செய்யவேண்டும். ஓவியரின் பெயரோடு, கல்லையும் கம்பையும் பால்வாளியையும் தூக்கி நின்றவர்களில் சம்மதிப்பவர்களின் பெயர்களையும் சுவரின் அடியில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதவேண்டும்.